டிரெஸ்டன் ஆர்கன்: முகம் பழசு, குரல் புதுசு

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃபிரௌவன்கிர்ஹே என்று ஒரு லூத்தரன் தேவாலயம் இருக்கிறது. பலிபீடத்துக்கு நேர் மேலே, பொன் வேலைப்பாட்டோடு ஒரு பைப் ஆர்கன். 1945-க்கு முன்னால் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அந்த முகப்புக்குப் பின்னால் இருக்கிற வாத்தியம் வேறு. அப்படி வேறாக இருக்கலாமா கூடாதா என்று பெரிய சண்டையே நடந்தது.

ஆர்கன் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடலாம். ஹார்மோனியம் மாதிரி இதற்கும் துருத்தி உண்டு, கட்டைகள் உண்டு. ஹார்மோனியத்தில் காற்று பட்டு ரீட் அதிரும். ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குழாய். ஒரே குணமுள்ள குழாய் வரிசைக்கு ஸ்டாப் என்று பெயர். புல்லாங்குழல் போல ஒன்று, எக்காளம் போல ஒன்று என்று பல ஸ்டாப்கள் இருக்கும். வாசிப்பவர் வேண்டியதைத் திறந்துகொள்வார். கைக்குக் கட்டை வரிசைகள் அடுக்கடுக்காக, காலுக்குத் தனியாக ஒன்று.

ஃபிரௌவன்கிர்ஹேயின் முதல் ஆர்கனைக் கட்டியவர் காட்ஃப்ரீட் சில்பர்மன். 1732-இல் ஒப்பந்தம், 1736 நவம்பரில் வேலை முடிந்தது. 43 ஸ்டாப்கள், கைக்கு மூன்று அடுக்கு. அவர் சாக்சனிக்காரர். ஆனால் தொழில் கற்றது ஸ்ட்ராஸ்பர்க்கில், அண்ணன் ஆந்திரேயாஸிடம். (ஸ்ட்ராஸ்பர்க், இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.) வேலை முடிந்த சில நாட்களில், டிசம்பர் 1-ஆம் தேதி, யோகான் செபாஸ்டியன் பாக் வந்து மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை அதில் வாசித்தார். அரசவை இசையமைப்பாளர் பட்டம் அப்போதுதான் அவருக்குக் கிடைத்திருந்தது.

1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் மீது குண்டுவீச்சு. தேவாலயம் தீயில் வெந்து, 15-ஆம் தேதி காலை அதன் பெரிய கல் குவிமாடம் இடிந்து விழுந்தது. ஆர்கனின் உலோகக் குழாய்கள் வெள்ளீயமும் காரீயமும் கலந்தவை. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறவர்களுக்குத் தெரியும், வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கல் மிஞ்சியது, குழாய் மிஞ்சவில்லை.

கிழக்கு ஜெர்மனி ஆட்சிக் காலம் முழுக்க அந்த இடம் கற்குவியலாகவே கிடந்தது. ஜெர்மனி ஒன்றான பிறகு 1994-இல் மறுகட்டுமானம் தொடங்கியது. குவியலிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, அளந்து, முடிந்தவற்றைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். வெளிச்சுவரில் இன்றும் பழைய கற்கள் கறுப்பாகத் தனியே தெரியும்.

அடுத்து ஆர்கன். இங்கேதான் சண்டை. ஒரு தரப்பு சொன்னது: கட்டடத்தை 18-ஆம் நூற்றாண்டுப்படி கட்டிவிட்டு ஆர்கனை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்? ஃபிரைபர்க் பேராலயத்தில் சில்பர்மன் 1714-இல் முடித்த ஆர்கன் இன்றும் ஒலிக்கிறது. அதுபோன்றவற்றைப் பார்த்து அப்படியே செய்யலாமே. மறுதரப்பின் வாதம்: இங்கே பாக் மட்டுமா வாசிக்கப் போகிறோம்? 19, 20-ஆம் நூற்றாண்டு இசையும் வேண்டும், இன்றைய ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்தும் வாசிக்க வேண்டும். அந்தக் காலச் சுருதி இன்றையதோடு ஒத்துப்போகாமல் இருப்பது வழக்கம். போதாததற்கு, பழைய ஆர்கனையே 20-ஆம் நூற்றாண்டில் மாற்றிப் பெரிதாக்கியிருந்தார்கள்.

இரண்டாவது தரப்பு ஜெயித்தது. வேலை போனது டேனியல் கெர்ன் என்பவரிடம். ஊர்? ஸ்ட்ராஸ்பர்க்! மூன்று அடுக்குகளை சில்பர்மன் வழியில் அமைத்து, நான்காவதாக 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு பாணியில் ஓர் அடுக்கைச் சேர்த்தார். மொத்தம் 67 ஸ்டாப்கள், 4,800-க்கும் மேல் குழாய்கள். முகப்பு மட்டும் பழையதன் நகல். 2005 அக்டோபர் 30-இல் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

அங்கிருந்து சில நிமிட நடையில் கத்தோலிக்கர்களின் ஹோஃப்கிர்ஹே. அங்கே இருப்பது சில்பர்மனின் கடைசி ஆர்கன். 1753-இல் அவர் இறந்த பிறகு 1755-இல் முடிக்கப்பட்டது. 1944-இல் யாரோ முன்யோசனையோடு குழாய்களைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மரக்கூடு குண்டுவீச்சில் எரிந்தது, குழாய்கள் தப்பித்தன. புதுக்கூட்டில் அவற்றைப் பொருத்தி 1971-இல் மறுபடி ஒலிக்க வைத்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. பார்வைக்கு இரண்டுமே பழசு. பார்வைக்குத் தெரிகிற மரக்கூடு இரண்டிலுமே நகல்தான். ஆனால் ஒன்றில் 18-ஆம் நூற்றாண்டின் குழாய், இன்னொன்றில் 21-ஆம் நூற்றாண்டின் குழாய். ஹோஃப்கிர்ஹே இல்லாதிருந்தால் நானும் முதல் தரப்போடு நின்றிருப்பேன். அசல் குரல் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்போது அதற்கு ஒரு நகல் தேவைதானா என்பது என் கேள்வி. ஆனால் முகப்பு விஷயத்தில் எதிர்த்தவர்கள் பக்கம்தான் எனக்கும் மனசு. புதிய கல்லுக்கும் பழைய கல்லுக்கும் நிறத்தில் இருக்கிற வித்தியாசத்தை மறைக்காமல் காட்டுகிற சுவர் அது. அதே தேவாலயத்துக்குள் புது வாத்தியத்துக்கு மட்டும் ஏன் பழைய முகம்?