இரண்டு விரல்களும் ஒரு கூண்டு வண்டியும்



மாலை ஆறு மணிக்கு மேல் நம் குடியிருப்பைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு பால்கனியிலிருந்து கிடார் சத்தம் வரும். கோடை விடுமுறையில் தொடங்கிய வகுப்பு. இரண்டு மாதத்தில் பாதிப் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். "விரல் வலிக்குது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். பொய்யில்லை. கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போகும்வரை வலிக்கத்தான் செய்யும்.

அந்தப் பிள்ளைகளுக்கும், கட்டணம் கட்டிய பெற்றோருக்கும் இந்தக் காலாண்டில் ஒருவரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட். அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையில், அமெரிக்கர்களே வியந்து கேட்ட ஐரோப்பியக் கலைஞர். இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டு கிடாரில் தனி வாசித்தவர்.

இதை மட்டும் சொல்லி, "பார்த்தீர்களா, தன்னம்பிக்கை இருந்தால் போதும்" என்று முடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் அவர் கதை அப்படித்தான் சுற்றுகிறது. அது பாதிக் கதை. மீதியையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வண்டியில் பிறந்தவர்

1910 ஜனவரி 23 அன்று, பெல்ஜியத்தில் லிபெர்ஷி என்ற சிற்றூரில் வந்து நின்றிருந்த ஒரு கூண்டு வண்டியில் அவர் பிறந்தார். பதிவேட்டில் ழான் என்று எழுதினார்கள். வீட்டில் கூப்பிட்டது ஜாங்கோ என்று.

அவர் குடும்பம் மனூஷ் இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவெங்கும் பரவியிருக்கும் ரோமா மக்களின் ஒரு பிரிவினர் இவர்கள். ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து மேற்கே போனவர்கள். இதற்கு அவர்கள் மொழியே சாட்சி. தண்ணீருக்கு அவர்கள் சொல் 'பானி', மூக்குக்கு 'நாக்', பத்துக்கு 'தெஷ்'. நம்மில் இந்தி தெரிந்தவர்கள் இந்த மூன்று சொற்களையும் கேட்டாலே உறவு புரிந்துவிடும்.

கூடை முடைவது, குதிரை விற்பது, வாத்தியம் வாசிப்பது என்று ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்களை பிரெஞ்சு அரசு சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. ஜாங்கோவுக்கு இரண்டு வயதானபோது, 1912ல், நாடோடிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பதின்மூன்று வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஓர் அடையாளக் கையேட்டை எந்நேரமும் வைத்திருக்க வேண்டும். நேர்முகப் படம், பக்கவாட்டுப் படம், உடல் அளவுகள், விரல் ரேகைகள் எல்லாம் அதில் இருக்கும். ஓர் ஊருக்குள் வரும்போது ஒரு முத்திரை, கிளம்பும்போது ஒரு முத்திரை. குற்றவாளிகளை அடையாளம் காணக் கண்டுபிடித்த முறையை ஒரு சமூகம் முழுவதற்கும் பொருத்தினார்கள். இந்தக் கையேடு 1969 வரை நடைமுறையில் இருந்தது.

நம் வாயிலில் காவலர் பதிவேட்டை நீட்டினால் விருந்தினர் முகம் சுளிக்கிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! வாழ்நாள் முழுக்க, போகிற ஊரிலெல்லாம், தன் விரல் ரேகையைக் காட்டி நிற்க வேண்டியிருந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

தீ

குடும்பம் கடைசியில் பாரிஸ் நகரின் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே, ஏழைகள் குடிசை போட்டிருந்த புறம்போக்குப் பகுதியில் வண்டியை நிறுத்தியது. ஜாங்கோ பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில்லை. பன்னிரண்டு வயது வாக்கில் ஒரு பாஞ்சோ கிடார் கையில் கிடைத்தது. மற்றவர்கள் வாசிக்கும்போது கைகளைப் பார்த்தே கற்றுக்கொண்டார். சில மாதங்களில் நடன அரங்குகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கத் தொடங்கிவிட்டார். 1928ல் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் அவர் பெயரை 'ஜியாங்கோ ரெனார்' என்று தப்பாக அச்சிட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படித் திருத்துவார்?

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இரவு. வாசித்துவிட்டு வண்டிக்குத் திரும்புகிறார். மனைவி பெல்லா விற்பதற்காகச் செய்த செயற்கைப் பூக்கள் வண்டி நிறையக் கிடந்தன. செல்லுலாய்டால் செய்த பூக்கள். பழைய சினிமாச் சுருள் எப்படிப் பற்றும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே பொருள். ஒரு மெழுகுவத்திச் சுடர் போதுமானதாக இருந்தது. இருவரும் உயிர் தப்பினார்கள். ஆனால் ஜாங்கோவின் வலது காலும் இடது கையும் மோசமாக வெந்துபோயின. காலை எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். மறுத்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்த காலம் சுமார் பதினெட்டு மாதம். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

கால் பிழைத்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக மடங்கியபடியே நின்றுவிட்டன. கிடார் வாசிப்பவருக்கு இடது கைதான் கம்பியை அழுத்தும் கை. இனி வாசிப்பு இல்லை என்றே எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். தம்பி ஜோசஃப் ஒரு கிடாரைக் கொண்டுவந்து படுக்கையில் கொடுத்தார்.

இரண்டு விரல் என்ன செய்தது?

கிடார் வகுப்பில் நான்கு விரலுக்கு நான்கு கட்டம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். கை ஓரிடத்தில் நிற்கும், விரல்கள் கம்பிக்குக் கம்பி குறுக்கே தாவும். ஜாங்கோவுக்கு அந்த வழி அடைந்துவிட்டது. ஆகவே கையையே ஓடவிட்டார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடாரின் கழுத்து நெடுக மேலும் கீழும் பாய்ந்தன. மடங்கிய இரண்டு விரல்களையும் அவர் சும்மா விடவில்லை. சில சுரக்கூட்டுகளில் கீழ்ப்பக்கத்து மெல்லிய கம்பிகளை அழுத்த அவற்றையும் பயன்படுத்தினார். அவருடைய வாசிப்பில் நாம் கேட்கும் அந்த விரைந்த ஏற்றமும், மேலிருந்து சரிந்து விழும் சுர வரிசையும் இப்படிப் பிறந்தவை.

1930களின் இறுதியில் எடுத்த ஒரு குறும்படம் இணையத்தில் கிடைக்கிறது. கேமரா அவர் இடது கைக்கு மிக அருகில் போகிறது. பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். பாவம் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். "இன்னொரு தடவை போடுங்க" என்பார்கள்.

1934ல் பாரிஸில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் கிராப்பெல்லி புதுக் கம்பி மாட்டிச் சுருதி பார்த்தபடி ஒரு சிறு பகுதியை வாசிக்க, திரைக்குப் பின்னாலிருந்த ஜாங்கோ கூடவே சேர்ந்துகொண்டாராம். அங்கிருந்து வளர்ந்ததுதான் 'பிரான்ஸ் ஹாட் கிளப் ஐவர் குழு'. ஒரு வயலின், மூன்று கிடார், ஒரு பாஸ். டிரம்ஸ் இல்லை, ஊதுவாத்தியம் இல்லை. தாளத்தை இரண்டு கிடார்கள் வெட்டி வெட்டிக் கொடுத்தன. அந்த இரண்டில் ஒன்று தம்பி ஜோசஃபுடையது. "கிராப்பெல்லி தனி வாசிக்கும்போது பின்னால் இரண்டு கிடார் இருக்கிறது, எனக்கு ஒன்றுதானா?" என்று ஜாங்கோ குறைப்பட்டதால் தம்பி சேர்க்கப்பட்டதாகச் சொல்வார்கள். மருத்துவமனைக்குக் கிடாரைக் கொண்டுவந்த அதே தம்பி. தனிமனிதச் சாதனை என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இப்படி யாராவது உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கைதட்டலும் முள்வேலியும்

1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார்.

1940 ஏப்ரல் 6 அன்று, நாடோடிகள் எங்கும் நகரக்கூடாது என்று பிரெஞ்சு அரசு ஆணையிட்டது. ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது ஜூனில்தான் என்பதைக் கவனியுங்கள். பிறகு முகாம்கள் வந்தன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், குழந்தை குட்டிகளோடு, பிரான்ஸ் முழுவதும் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். ஐரோப்பா முழுவதும் நாஜிகளும் அவர்கள் கூட்டாளிகளும் கொன்ற ரோமா மக்கள் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

அதே ஆண்டுகளில்தான் ஜாங்கோவின் புகழ் உச்சிக்குப் போனது. 1940ல் பதிவான 'நுவாஜ்', அதாவது 'மேகங்கள்', ஆக்கிரமிப்பில் கிடந்த பாரிஸ் மக்களின் ஏக்கத்துக்குக் குரலாகவே ஆகிவிட்டது. அரங்குகள் நிரம்பின. முன்வரிசையில் ஜெர்மன் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஜாஸ் இழிந்த இசை என்பது நாஜிக் கொள்கை. ஆனால் அவர்களில் பலருக்கே அது பிடித்திருந்தது.

அவருக்கும் பயம் இருந்தது. 1943ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்தார். எல்லையருகே பிடிபட்டார். விசாரித்த ஜெர்மன் அதிகாரி அவர் ரசிகராம், விட்டுவிட்டார். மறுபடி முயன்றபோது சுவிஸ் காவலர்களே திருப்பி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில்தான் என் வியப்பு கொஞ்சம் தடுமாறும். அவர் உயிரைக் காப்பாற்றியது அவருடைய விரல்கள். அதே மொழி பேசி, அதே வண்டியில் பிறந்து, வாசிக்கத் தெரியாமல் போனவருக்கு யார் ரசிகர்? ஒருவருக்குக் கிடைத்த விதிவிலக்கை நாம் பெருமையாகப் பேசுகிறோம். விதி மற்றவர்கள் மேல் இருந்துகொண்டே இருந்தது. பிரான்ஸ் 1944ல் விடுதலையானது. முகாம்களில் கடைசியாக இருந்த குடும்பங்கள் வெளியே வந்தது 1946ல். அரசின் பொறுப்பை ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி வாய்விட்டு ஒப்புக்கொண்டது 2016 அக்டோபரில், மோன்த்ரொய்-பெல்லே முகாம் இருந்த இடத்தில்.

கடைசியில்

1946ல் டியூக் எலிங்டன் அழைப்பில் அமெரிக்கா போனார். கார்னகி அரங்கத்தில் இரண்டாம் நாள் நிகழ்ச்சிக்கு ரொம்பத் தாமதமாக வந்து சேர்ந்தார். சொன்ன நேரத்துக்கு வராதது அவரிடம் வாடிக்கைதான். சூதாட்டமும் உண்டு. உத்தமர் என்று நான் சொல்லவில்லை.

பிற்பாடு சேன் நதிக்கரையில் சமுவா என்ற ஊரில் வீடு எடுத்துத் தங்கினார். மீன் பிடித்தார், படம் வரைந்தார், வாசித்தார். 1953 மே 16 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தபோது வயது 43. இங்கிலாந்தில் ஆலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்து கிடாரை விட்டுவிட நினைத்த டோனி அயோமி என்ற இளைஞருக்கு, வேலையிடத்து மேலாளர் ஒருவர் ஜாங்கோவின் இசைத்தட்டைக் கேட்கக் கொடுத்தார். அந்த இளைஞர்தான் பின்னாளில் 'பிளாக் சபத்' குழுவின் கிடார் கலைஞர்.

இந்த வாரம் நடைப்பயிற்சியின்போது இரண்டைக் கேட்டுப் பாருங்கள்: 1937ல் பதிவான 'மைனர் ஸ்விங்', பிறகு 'நுவாஜ்'. முதலாவதில் ஜாங்கோவைக் கேட்கும் முன், பின்னால் ஓயாமல் ஓடும் தாளக் கிடார்களைக் கேளுங்கள்.

இன்றும் அவர் நினைவாக எடுக்கும் விழாவுக்கு மனூஷ் குடும்பங்கள் வண்டிகளோடு வந்து, இரவெல்லாம் கூடி உட்கார்ந்து வாசிப்பது வழக்கம். மற்ற நாட்களில் அதே வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பது பிரான்ஸில் இன்னும் தீராத சச்சரவு.

நம் பால்கனிக் கிடார்கள் தொடரட்டும். இரவு பத்து மணிக்குப் பின் மட்டும் கொஞ்சம் மெதுவாக.