உடைமையும் நோயாளியும்: ரொறன்ரோவில் விலங்கு மருத்துவத்தின் தரமும் வளர்ப்போர் முறையீடும், 1862–2024

தமிழ்நாட்டில் ‘கால்நடை மருத்துவர்’ என்றும் இலங்கையில் ‘மிருகவைத்தியர்’ என்றும் வழங்கும் பெயர்கள் ஒரே தொழிலைக் குறிப்பவை. எனினும் அவற்றின் பொருட்பரப்பு ஒன்றன்று. முன்னது உழவரின் உடைமையை நினைவூட்டுவது. பின்னது அவ்வரையறையின்றி விலங்குகள் அனைத்தையும் தழுவுவது. ‘மாடு’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் செல்வம் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்திலும் கால்நடையைக் குறிக்கும் சொல்லும் அசையும் சொத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வாழும் தமிழ்க் குடும்பமொன்று தன் பூனைக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையில் பிழை நேர்ந்தது எனக் கருதி முறையிட முற்படும்போது, இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நேரிலே சந்திக்கின்றது. மருத்துவமனையில் அப்பூனை நோயாளி; நீதிமன்றத்தில் அது உடைமை. இவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது, தரமான சிகிச்சை எது என்பதை யார் எப்போது வரையறுத்தனர் என்பவற்றை ரொறன்ரோவின் வரலாற்றில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரைகளின் நகரம்

எடின்பரோவில் பயின்ற அன்ட்ரூ ஸ்மித் என்னும் ஸ்கொட்லாந்தியர் 1862இல் ரொறன்ரோவில் தொடங்கிய பள்ளியே பின்னர் ஒன்ராறியோ மிருகவைத்தியக் கல்லூரி எனப் பெயர்பெற்றது. அரசின் ஊக்கம் இருந்தபோதிலும் அது நெடுங்காலம் ஸ்மித்தின் சொந்த நிறுவனமாகவே இயங்கியது. மாணவர் கட்டணமே அதன் உயிர்நாடி. டெம்பரன்ஸ் வீதியில் அமைந்திருந்த அக்கல்லூரியில் இரண்டு குளிர்காலப் பருவங்கள் பயின்றால் பட்டயம் கிடைத்துவிடும். சேர்வதற்கு வேண்டிய முற்கல்வியும் மிகக் குறைவு. அமெரிக்காவிலிருந்து வந்த மாணவர் உட்பட ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து தொழிலுக்குச் சென்றனர்.

தரம் பற்றிய முதல் பெரும் பிணக்கு இக்கல்லூரிக்குள்ளேயே எழுந்தது. ஸ்மித்துடன் பாடம் நடத்திய டங்கன் மக்கெக்ரனும் எடின்பரோவில் பயின்றவரே. இரண்டு பருவக் கல்வியும் தளர்வான சேர்க்கை விதிகளும் போதா எனக் கருதிய அவர் பிரிந்துசென்று, 1866இல் மொன்றியலில் மூன்றாண்டுக் கல்வி வழங்கும் பள்ளியொன்றை நிறுவினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மருத்துவரான வில்லியம் ஒஸ்லர் அங்கு பாடம் சொன்னவர்களுள் ஒருவர். 1889இல் அப்பள்ளி மக்கில் பல்கலைக்கழகத்தின் பீடமாக உயர்ந்தது, 1903இல் மூடப்பட்டது. உயர்ந்த தரத்தை வலியுறுத்திய பள்ளி மாணவரின்றி மெலிந்து மறைய, தளர்ந்த தரத்தைக் கொண்ட பள்ளி நிலைத்தது. தரம் உயர்ந்தால் மக்கள் தாமே அதைத் தேடி வருவர் என்ற நம்பிக்கைக்கு இவ்வரலாறு அதிகம் இடம் தரவில்லை. குதிரை வைத்திருந்த வண்டிக்காரருக்கு வேண்டியது விரைவாகவும் மலிவாகவும் கிடைக்கும் வைத்தியம்; பட்டயத்தின் பின்னால் எத்தனை பருவங்கள் இருந்தன என்று அவர் கேட்கவில்லை.

அவர் கேட்க வேண்டிய காலம் 1872இல் வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியில் யோர்க், ஸ்காபரோ, மார்க்கம் ஆகிய ஊர்ப்புறங்களில் குதிரைகளுக்கு இருமலும் காய்ச்சலும் கண்டன. இன்று கனடாவில் தமிழர் செறிந்து வாழும் இப்பகுதிகள் அன்று பண்ணை நிலங்கள். ஒக்டோபர் முதல் நாட்களில் நோய் ரொறன்ரோ நகரின் இலாயங்களுக்குள் நுழைந்தது. நகரத் தெருவண்டிகளை இழுத்த குதிரைகள் ஒருசேர நோயுற்றன. தொடக்கத்திலேயே நோயைக் கண்டறிந்து அறிவித்தவர்களுள் அன்ட்ரூ ஸ்மித்தும் ஒருவர். சில வாரங்களில் நோய் அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரங்களை எட்டியது. நவம்பர் 9ஆம் நாள் பொஸ்டன் நகரம் தீப்பற்றியபோது, தீயணைப்பு வண்டிகளை இழுக்கக் குதிரைகளின்றி மனிதரே இழுத்துச் செல்ல நேர்ந்தது. நியூயோர்க்கின் மருத்துவர் அடோனிராம் ஜட்சன் இந்நோய் சென்ற வழியைப் பின்னர் நாள்வாரியாகத் தொகுத்து, அது மனிதப் போக்குவரத்துப் பாதைகளையே தொடர்ந்தது என்று காட்டினார்.

இக்குதிரைக் காய்ச்சல் நோயுற்றவற்றுள் மிகச் சிறிய பகுதியையே கொன்றது. முறையாகப் பயின்ற மருத்துவர் கூறிய வைத்தியமும் எளியது: ஓய்வு, காற்றோட்டமுள்ள இலாயம், மென்மையான தீவனம், பொறுமை. ஆனால் அந்த அறிவுரையை ஏற்பது நாட்கூலியை இழப்பதாகும். இருமல் தணிந்தவுடன் குதிரையை மீண்டும் நுகத்தில் பூட்டியோர் பலர். அவ்வாறு பூட்டப்பட்டவை நுரையீரல் நோய் முற்றி இறந்தன. இதற்கிடையே செய்தித்தாள்கள் கைகண்ட மருந்துகளின் விளம்பரங்களால் நிரம்பின. மருந்து கொடுப்பவரே திறமையான வைத்தியர் என்றும், ‘சும்மா நிற்க விடு’ என்பவர் ஒன்றும் அறியாதவர் என்றும் மதிப்பிடப்பட்ட காலம் அது. வளர்ப்பவரின் மனநிறைவும் சிகிச்சையின் தரமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்நகரின் வரலாற்றில் அரிது. இன்றைய முறையீடுகளைப் படிப்போரும் இதை மனத்திற் கொள்ளுதல் நலம்.

குதிரையிலிருந்து நாய்க்கு

1890களின் முற்பகுதியில் தெருவண்டிகள் மின்சாரத்துக்கு மாறின. குதிரையின் பொருளாதார ஆட்சி சரியத் தொடங்கியது. அமெரிக்கத் தொழிற்சங்கமும் அரசுத் துறைகளும் மூன்றாண்டுக் கல்வியைக் கோரத் தொடங்கியதால், ஒன்ராறியோவின் இரண்டாண்டுப் பட்டயம் எல்லைக்கப்பால் மதிப்பிழந்தது. 1908இல் மாகாண அரசே கல்லூரியை விலைக்கு வாங்கியது, கல்வி மூன்றாண்டாயிற்று. மக்கெக்ரன் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டது வெளியார் நெருக்குதலால் நிறைவேறியது.

ஆனால் நகரத்து வளர்ப்பு விலங்குகளுக்கு இம்மாற்றம் உடனடிப் பயன் தந்ததாகக் கூற இயலாது. 1922இல் கல்லூரி குவெல்ப் நகருக்குப் பெயர்ந்தது. வேளாண்மைக் கல்லூரியின் அயலில், பண்ணைகளுக்கு நடுவே, அதன் இடம் அமைந்தது. 1964இல் அது குவெல்ப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. நாயும் பூனையும் நகரத்து நோயாளிகளாக வரத் தொடங்கிய காலத்தில், அவற்றுக்குரிய போதனை மருத்துவமனை நகரை விட்டு நீங்கியது. இன்றும் ரொறன்ரோவில் சிக்கலான நோயுற்ற நாய்க்குப் பல்கலைக்கழகச் சிகிச்சை தேடுவோர் குவெல்புக்கே பயணம் செய்கின்றனர்.

இதே காலத்தில் விலங்கின் துன்பத்தை உடைமையின் கணக்குக்கு அப்பால் வைத்துப் பேசும் குரலும் நகரில் எழுந்தது. செய்தியாளரான ஜே. ஜே. கெல்சோ 1887இல் ரொறன்ரோ ஜீவகாருண்ய சங்கத்தை நிறுவினார். குழந்தைகளையும் விலங்குகளையும் ஒருசேரக் காப்பதே அதன் தொடக்க நோக்கம். குழந்தைகளுக்கான தனிச்சங்கம் 1891இலேயே பிரிந்தது. தமக்காகப் பேச இயலாத இருசாராரையும் ஒரே சங்கம் தழுவியது கருதத்தக்கது. தமிழில் ‘வாயில்லாச் சீவன்’ என்னும் தொடர் பசுவுக்கும் பச்சிளங் குழந்தைக்கும் பொருந்த வழங்குவதை இங்கு ஒப்புநோக்கலாம். 1921 கோடையில் அதே நகரின் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் பான்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை அகற்றி இன்சுலினைத் தேடினர். அவ்வாய்வில் நாய் ஒரு கருவி. இன்றோ அதே நகரில் நீரிழிவுற்ற நாய்க்கு நாள்தோறும் இருவேளை இன்சுலின் ஏற்றும் வளர்ப்போர் உளர்.

தமிழகத்தின் வரலாறும் இதற்கு அயலானதன்று. மாட்டு வாகடச் சுவடிகளும், தஞ்சைச் சரசுவதி மகால் வெளியிட்ட யானை, குதிரை பற்றிய நூல்களும் காட்டும் மரபில் நோயாளிகள் உழவுக்கும் போருக்கும் உரிய விலங்குகளே. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1935இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவில் இத்துறைக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் வழியைத் திறந்தது. அவ்வகைப் பட்டத்துடன் கனடா வருவோர் தேசியத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வுகளையும் செய்முறைத் தேர்வையும் கடந்தே உரிமம் பெறவேண்டும். டெம்பரன்ஸ் வீதியின் இரு பருவப் பட்டயத்தை எல்லைக்கப்பால் ஐயுற்ற அதே வினா இன்று எதிர்த்திசையில் எழுப்பப்படுகின்றது.

முறையீட்டின் வரம்பு

ஒன்ராறியோவில் இத்தொழிலை ஒழுங்குபடுத்துவது 1989இல் நிறைவேறிய மிருகவைத்தியர் சட்டத்தின்கீழ் இயங்கும் ஒன்ராறியோ மிருகவைத்தியர் கல்லூரி. பெயர் கல்லூரியெனினும் இது பாடசாலையன்று. உரிமம் வழங்கி நடத்தையை விசாரிக்கும் அமைப்பு. வளர்ப்பவர் தரும் முறையீட்டை ஒரு குழு ஆராய்கிறது. மருத்துவரின் பதிவேடுகளும் விளக்கமும் பெறப்படுகின்றன. மருத்துவர்களோடு பொதுமக்கள் சார்பாளரும் அக்குழுவில் இடம்பெறுவர். பாரதூரமான முறையீடு ஒழுக்காற்று விசாரணைக்குச் செல்லும். உரிமம் இடைநிறுத்தப்படலாம் அல்லது நீக்கப்படலாம். குழுவின் முடிவில் நிறைவடையாதவர், மனித மருத்துவருக்கெதிரான முறையீடுகளை மீளாயும் அதே மாகாணச் சபையிடமே மேன்முறையீடு செய்யலாம். இவ்வளவில் பூனையின் உரிமையாளரும் மனித நோயாளியும் ஒரே வாயிலில் நிற்கின்றனர்.

ஆயின் இவ்வமைப்பு கட்டணத்தைத் திருப்பித் தருமாறு ஆணையிட இயலாது, இழப்பீடும் வழங்காது. பணம் வேண்டுவோர் சிறு வழக்கு நீதிமன்றத்தை நாடவேண்டும். அங்கு விலங்கு சொத்து. அதன் மதிப்பு அடிப்படையில் அதை வாங்கிய விலையே. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த பூனையின் சந்தை விலை என்ன? விலைப்பட்டியலால் விடைகாண முடியாத இக்கேள்வியை நீதிமன்றங்கள் மெல்லத்தான் அணுகுகின்றன. நாய்க் காப்பகமொன்றிலிருந்து தப்பியோடி மீளாத நாய் பற்றிய வழக்கில், உரிமையாளரின் மனவேதனைக்கும் இழப்பீடு வழங்கிய தீர்ப்பை ஒன்ராறியோ மேல்நிலை நீதிமன்றத்தின் மேன்முறையீட்டுப் பிரிவு 2006இல் உறுதிசெய்தது. தொகை சில ஆயிரம் டொலர் அளவே. அதுவும் காப்பகத்தைப் பற்றியதேயன்றி அறுவைக் கூடத்தைப் பற்றியதன்று.

முறையீடுகளின் உள்ளடக்கத்தை நோக்கின், கத்தியின் பிழையைவிடச் சொல்லின் பிழையே மிகுதியும் தென்படும். சோதனை ஏன் தேவை, செலவு எவ்வளவு, பிழைக்கும் வாய்ப்பு எத்தகையது என்பன உரிய வேளையில் சொல்லப்படவில்லை என்ற குறையை ஒழுங்காற்று அமைப்பே தன் அறிவுரைகளில் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கின்றது. ஒன்ராறியோத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. மாகாணப் பொதுக் காப்புறுதி மனிதரின் மருத்துவரையும் மருத்துவமனையையும் ஈடுசெய்வதால், பிள்ளையின் அறுவைச் சிகிச்சைக்குக் கட்டணச் சீட்டைக் காணாத பெற்றோர், நாயின் அறுவைக்கு முன்பணம் கேட்கப்படும்போது அதை வஞ்சனையாகவே கருத நேர்கின்றது. உண்மையில் அச்சீட்டு மருத்துவத்தின் முழுச் செலவை வெளிக்காட்டும் ஒரு பொருள். மனிதருக்குரிய சீட்டோ அரசின் கணக்கில் மறைந்துள்ளது. மாகாண மிருகவைத்தியர் சங்கம் கட்டண வழிகாட்டியொன்றைத் தொகுப்பினும் அது பரிந்துரையேயன்றிச் சட்ட வரம்பன்று. வசதியற்றோருக்கு உதவ அச்சங்கமே 2000களின் தொடக்கத்தில் அமைத்த அறக்கட்டளைக்கு, கனடியச் சித்திரத் தொடரொன்றில் சிறுமியைக் காப்பாற்றி உயிர்நீத்த ‘ஃபார்லி’ என்னும் நாயின் பெயர் சூட்டப்பட்டது. கற்பனை நாயின் பெயரால் உண்மை நாய்களுக்கு உதவி கிடைப்பதில் ஒரு பொருத்தம் உண்டு.

மறுபுறம், மருத்துவமனைகள் பெருநிறுவனங்களின் கைக்கு மாறுகின்றன. இனிப்புப் பண்டங்களுக்குப் பெயர்போன மார்ஸ் நிறுவனம், கனடாவிலும் கிளைகள் கொண்ட விசிஏ என்னும் மருத்துவமனைத் தொடரை 2017இல் வாங்கியது. பிரித்தானியாவில் இப்போக்கு விலையை உயர்த்துகின்றதா என்பதைச் சந்தைப் போட்டி ஆணையம் 2024இல் முறையான விசாரணைக்கு எடுத்தது.

‘தரம்’ என்னும் சொல் வளர்ப்போரைக் காக்கவே எப்போதும் பயன்பட்டது என்று கொள்ளவும் முடியாது. பிரித்தானியக் கொலம்பியாவில், குறைந்த கட்டணத்தில் சிகிச்சை அளித்துவந்த இந்திய வம்சாவளி மிருகவைத்தியர் பலர், தம் தொழிற்சங்கம் ஆங்கிலத் தேர்ச்சி விதியையும் கண்காணிப்பையும் தமக்கெதிராகப் பயன்படுத்தியது என முறையிட்டனர். அம்மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம் பல ஆண்டுகள் விசாரித்து, 2015இல் அச்சங்கம் இனப் பாகுபாடு காட்டியது எனத் தீர்ப்பளித்தது. மலிவான சிகிச்சை தரங்குறைந்த சிகிச்சை என்ற எண்ணத்தின் பின்னால் வேறு எண்ணங்களும் ஒளிந்திருக்கலாம் என்பதை அத்தீர்ப்பு வெளிக்கொணர்ந்தது. ஆங்கிலத்தில் தடுமாறும் ஒரு முதியவரிடம் அவர் மொழியிலேயே ‘இனி ஊசி வேண்டாம்’ என்று எடுத்துரைக்கக்கூடிய மருத்துவரின் தகுதியை எந்தத் தேர்வும் அளப்பதில்லை.

ஒன்ராறியோச் சட்டமன்றம் 2024 ஜூனில் பழைய சட்டத்தின் இடத்தைப் பெறுவதற்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியது. மிருகவைத்தியரோடு அவர்தம் பதிவுபெற்ற தொழில்நுட்பவியலாளரும் ஒரே ஒழுங்காற்று அமைப்பின்கீழ் வருவர். முறையீட்டு நடைமுறை மாற்றியமைக்கப்படும். அமைப்பின் பெயரும் மாறும். ஊசியேற்றியவர் யார், மயக்கமருந்தின்போது அருகில் நின்றவர் யார் என்று வளர்ப்பவர் கேட்கும் கேள்விக்கு இனி ஓரிடத்தில் விடை தேடலாம். இழந்த விலங்கின் மதிப்பைப் பற்றிய கேள்வி, முன்போலவே, சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு விடப்பட்டுள்ளது.