லினொன் என்னும் யவனச் சொல்

நூலின் வரலாற்றைப் போலவே நூற்பெயரின் வரலாறும் நெசவுத்தொழிலுடைய நம்மனோர்க்கு அறியத்தக்கதாகும். ‘லினொன்’ என்பது பண்டை யவனர் வழங்கிய சொல். ஆளிச்செடிக்கு அதுவே பெயர். அதன் தண்டை நீரில் ஊறவைத்து, உலர்த்தி, அடித்துச் சீவி எடுக்கும் நாருக்கும், அந்நாரால் நெய்த ஆடைக்கும் அதுவே பெயர்.

இதன் பழமைக்குச் சான்று உண்டு. கி. மு. 1200-ஐ அடுத்துப் பைலொஸ் நகரத்து அரண்மனை தீக்கிரையாயிற்று. அத்தீயே ஆங்கிருந்த களிமண் ஏடுகளைச் சுட்டு அழியாது காத்தது. 1952-இல் மைக்கேல் வெந்திரிஸ் என்னும் ஆங்கிலேயர் அவ்வெழுத்தைப் படித்தறிந்தார். ஊரூராக அரண்மனைக்குரிய ஆளிநாரின் கணக்கு அவ்வேடுகளிற் காணப்படுகின்றது. நார்வேலை செய்த மகளிரும் இச்சொல்லடியாகப் பிறந்த பெயராற் குறிக்கப்பெற்றுள்ளனர்.

ஹோமரின் காவியங்களில் இச்சொல் தூண்டிற்கயிற்றையும், வலையையும், படுக்கை விரிப்பையும் குறிக்கும். மாந்தர் பிறக்கும்பொழுதே ஊழ் நூற்கும் இழையையும் குறிக்கும். மத்தேயு சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் விளக்குத்திரிக்கும் இதுவே சொல். இலத்தீன் மொழியின் ‘லீனும்’ இதற்கு உறவு; ஆங்கிலத்து ‘லினன்’, ‘லைன்’ என்பனவும் இக்குடும்பத்தினவே.

இனி நம் நாட்டைப் பற்றியதொரு செய்தி. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவனாகிய நெயார்க்கொஸ் கி. மு. 325-இல் சிந்துநதி முகத்தினின்று கலஞ்செலுத்தியவன். இந்தியர் உடுப்பது ‘லினொன்’ என்று அவன் கூறியதாக ஆரியன் என்னும் யவன ஆசிரியர் எழுதுகின்றார். அகராதிப் பொருளை மட்டும் கொண்டு படிப்பார், இந்தியர் ஆளிநாராடையே உடுத்தனர் என மயங்குவர். க்ஷௌமம் என வடநூல்கள் கூறும் ஆளிநாராடை இந்நாட்டிலும் இருந்தமையால் அம்மயக்கம் எளிதில் நேரும். ஆனால் அவன் கூறியது, மரத்தினின்று எடுக்கும் லினொன் என்பது. ஆளியோ மரமன்று, ஓராண்டுச் செடி. ஆகலின் அவன் கண்டது பருத்தியே என்பது தெளிவு. அவனுக்கு முன்னர், கி. மு. ஐந்தாம் நூற்றாண்டினராகிய ஹெரொதொதஸ் அப்பருத்தியையே மரத்திற் காய்க்கும் கம்பளி என்றார்.

தம் நாட்டில் விளையாத பொருளுக்குத் தனிப்பெயர் இன்மையால், ஒருவர் ஆட்டுமயிரின் பெயரையும் மற்றொருவர் ஆளியின் பெயரையும் இரவலாக இட்டனர். ஆதலின் பிறநாட்டார் நூல்களில் நம் ஆடையைப் பற்றிப் படிக்குங்கால், பெயரை மட்டும் நோக்காது, அதனோடு சேர்ந்த அடைமொழியையும் நோக்குவோமாக. அவ்வோர் அடைமொழி இலதாயின், நெயார்க்கொஸ் கண்ட பருத்தியாடையின் சான்றை நாம் இழந்திருப்போம்.