கிறிஸ்துமஸ் செம்மலர்ச் செடி

டிசம்பர் மாதம் பிறந்ததும் உதகமண்டலம், கோடைக்கானல் போன்ற மலையூர்களில், வீட்டு வேலியோரங்களில் ஒரு புதர்ச்செடி உச்சி முழுவதும் செக்கச்செவேலென்று நிற்பதைக் காணலாம். மேலை நாடுகளில் இதே செடி இரண்டு சாண் உயரத் தொட்டிச் செடியாகக் கடைகளில் விற்கப்பட்டு, கிறிஸ்துமஸ் பண்டிகையன்று வீட்டுக் கூடத்தை அணி செய்கிறது. பண்டிகை கழிந்ததும் பெரும்பாலும் குப்பைக்குப் போய்ச் சேருகிறது. பத்தடிக்கு மேல் வளர்ந்து பல்லாண்டு வாழத்தக்க ஒரு புதர், ஒரு மாதத்து அலங்காரப் பொருளாக மாறியது எவ்வாறு? அதன் வரலாற்றை அறிந்தால், அதனை வீட்டில் வைத்துக் காக்கும் முறையும் தானே விளங்கும்.

அச்செடியின் பெயர் பாயின்செட்டியா. அதில் இதழ்கள் எனத் தோன்றுபவை இதழ்கள் அல்ல. நிறம் மாறிய இலைகளே அவை. மெய்யான பூக்கள் அவற்றின் நடுவே மஞ்சள் நிறச் சிறு குமிழ்களாக ஒடுங்கிக் கிடக்கின்றன. தாவர நூலார் இதனை ஆமணக்குக் குடும்பத்தில் சேர்ப்பர். நம் திருகுகள்ளியும், வாசலோரத்து அம்மான் பச்சரிசியும் இதற்கு நெருங்கிய உறவு. காம்பைக் கிள்ளினால் பால் வடிவதே உறவுக்குச் சான்று.

இதன் தாயகம் மெக்சிகோ. பசிபிக் கடலை நோக்கிச் சரியும் மலைப்பள்ளத்தாக்குகளில் இது காட்டுச் செடியாக வளர்ந்தது, இன்றும் வளர்கிறது. நாவாட்ல் மொழி பேசிய ஆஸ்டெக் மக்கள் இதனைக் குயெட்லஷோசிட்ல் என்று வழங்கினர். அச்சொல்லின் பிற்பாதிக்கு மலர் என்பது பொருள். சிவந்த இலைகளிலிருந்து சாயம் எடுத்தனர்; பாலை மருந்தாகக் கொண்டனர். 1521 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டினர் ஆஸ்டெக் அரசை வீழ்த்தினர். அவர்களைத் தொடர்ந்து பிரான்சிஸ்கன் துறவியர் வந்தனர். டிசம்பரில் தானே சிவக்கும் இச்செடியை, டாஸ்கோ என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதியில் 17 ஆம் நூற்றாண்டிலேயே அத்துறவியர் கிறிஸ்து பிறப்பு விழா ஊர்வலத்திற்குப் பயன்படுத்தினர் என்று கூறுவர். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவை ஸ்பானிய மொழியில் நோச்சே புவேனா, அதாவது நல்லிரவு, என்பார்கள். செடிக்கும் அதுவே பெயராயிற்று. குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையாகக் கொடுக்க ஏதுமில்லாத ஏழைச் சிறுமி ஒருத்தி வழியோரத்துக் களைச்செடிகளைப் பறித்துக் கோயிலில் வைக்க, அவை செம்மலர்களாயின என்னும் கதையும் அங்கே வழங்குகிறது. கதை எக்காலத்ததாயினும், ஏழையின் வேலியில் விலையின்றிக் கிடைத்த செடி இது என்பதை அது மறைக்கவில்லை.

இனிப் பெயரின் கதைக்கு வருவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1825 ஆம் ஆண்டில் மெக்சிகோவுக்குத் தன் முதல் தூதரை அனுப்பியது. அவர் பெயர் ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தவர். செடி கொடிகளில் பேரார்வம் உடையவர். 1828 ஆம் ஆண்டளவில் அவர் இச்செடியைத் தம் நாட்டுக்கு அனுப்பினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1829 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்துத் தோட்டக்கலைக் கண்காட்சியில் இது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அங்கிருந்து ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்றது. அங்குத் தாவரவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் கிரஹாம் 1836 ஆம் ஆண்டில் பாயின்செட்டியா என்று பெயரிட்டார். அதற்கு முன்பே, 1834 ஆம் ஆண்டில், யூபோர்பியா புல்கெரிமா என்னும் இலத்தீன் பெயர் அச்சேறிவிட்டது. மிக அழகிய யூபோர்பியா என்பது அதன் பொருள். நூல்களில் அப்பெயரே நிலைத்தது. கடைத்தெருவிலோ தூதரின் பெயரே வென்றது.

மெக்சிகோ மக்கள் அத்தூதரை எவ்வாறு நினைவு கூர்ந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். டெக்ஸாஸ் பகுதியை விலைக்கு வாங்க முயன்றார். அந்நாட்டுக் கட்சிப் பூசல்களில் தலையிட்டார். 1829 ஆம் ஆண்டில் மெக்சிகோ அரசே அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு கேட்டது. பிறர் காரியத்தில் ஆணவத்தோடு தலையிடுதலைக் குறிக்க அங்கே பாயின்செட்டிஸ்மோ என்று ஒரு சொல்லே உண்டாயிற்று! பின்னர் 1837 முதல் 1841 வரை அவர் தம் நாட்டின் போர்த்துறைச் செயலராக இருந்தார். 1838 ஆம் ஆண்டில் செரோக்கி மக்கள் படைவலியால் தம் நிலத்தினின்று பெயர்க்கப்பட்டு, வழியில் ஆயிரக்கணக்கில் மடிந்தது அவர் பொறுப்பில் இருந்த காலத்திலேதான். அவர் 1851 டிசம்பர் 12 ஆம் நாள் இறந்தார். அந்நாளை அமெரிக்காவில் பாயின்செட்டியா நாள் என்று கொண்டாடுகின்றனர். மெக்சிகோவிலோ அதே டிசம்பர் 12, குவாடலூப்பே அன்னையின் திருநாள். ஒரு பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் செடியைப் பல நூற்றாண்டு போற்றிய மக்களின் சொல் மறைந்து, அவர்கள் வெறுத்து அனுப்பிய மனிதரின் பெயர் உலகெங்கும் பரவியதை முறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெக்சிகோவில் இன்றும் நோச்சே புவேனா என்றே சொல்கிறார்கள். அண்மைக் காலத்தில் அமெரிக்காவிலும் சிலர் பழைய நாவாட்ல் பெயரை மீட்டு வழங்கத் தலைப்பட்டுள்ளனர்.

வேலிச்செடியைத் தொட்டிச் செடியாக்கியது கலிபோர்னியாவில் குடியேறிய எக்கி என்னும் ஜெர்மானியக் குடும்பம். தொடக்கத்தில் அவர்கள் வெட்டிய கிளைகளைத் தெருவோரத்தில் விற்றனர். 1923 ஆம் ஆண்டில் என்சினிடாஸ் என்னும் ஊருக்குப் பெயர்ந்து, பெரும் பண்ணை நடத்தினர். ஒரே தண்டாக நெடுநெடுவென்று வளரும் இயல்புடைய செடி, அவர்கள் கையில் பல கிளை விட்டுப் புதராகச் செழித்தது. அது ஒட்டுக் கட்டுவதால் விளைந்தது. அவ்விரகசியம் 1990களில் வெளிப்படவே, பிறரும் போட்டியில் இறங்கினர். 2012 ஆம் ஆண்டில் பண்ணைத் தொழில் கைமாறியது. வியப்பு யாதெனில், கிளைக்கச் செய்வது ஒட்டுவழி பரவும் ஒரு நுண்ணுயிர் என்று 1997 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டதுதான். நாம் விரும்பி வாங்கும் அழகு, நுண்கிருமி தொற்றிய செடியின் அழகு!

செடி டிசம்பரில் சிவப்பது ஏன்? 1920 ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பல செடிகள் பகற்பொழுதின் அளவறிந்து பூக்கின்றன என்று வெளியிட்டனர். உண்மையில் செடி அளப்பது இடையறாத இருளையே என்று பின்வந்த ஆய்வு காட்டியது. இரவு ஏறத்தாழப் பன்னிரண்டு மணியைத் தாண்டினால் இச்செடி பூக்கத் தொடங்கும். மெக்சிகோவின் தென்பகுதியும் தமிழ்நாடும் வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. இங்கு அக்டோபர் தொடங்கிய பின் இரவு அவ்வளவு நீள்கிறது. ஆதலால் நம் தோட்டத்தில் இதனை யாரும் ஏமாற்றிப் பூக்க வைக்க வேண்டியதில்லை.

கடையில் வாங்கும்போது சிவப்பைப் பார்ப்பதைவிட, நடுவேயுள்ள மஞ்சள் குமிழ்களைப் பார்க்க வேண்டும். அவை மொட்டாக இருந்தால் செடி நெடுநாள் நிற்கும்; உதிர்ந்திருந்தால் காலம் கழிந்த செடி என்க. தொட்டியைச் சுற்றிய மினுக்குத் தாளை வீட்டுக்கு வந்ததும் அகற்றிவிட வேண்டும். அதற்குள் நீர் தேங்கி வேர் அழுகுவதே பலர் வீட்டில் நேர்வது. மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் விடுக. நல்ல வெளிச்சம் வேண்டும். குளிர்காற்று நேரே வீசலாகாது. இச்செடியை உண்டு ஒரு குழந்தை இறந்ததாக 1919 ஆம் ஆண்டில் ஹவாயில் கிளம்பிய செய்தி இன்னும் பலரை அச்சுறுத்துகிறது. அது மெய்ப்பிக்கப்படவில்லை. 1996 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, அமெரிக்க நச்சு நிவாரண நிலையங்களுக்கு வந்த 22,793 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, ஒருவரும் இறக்கவில்லை என்று கண்டது. எனினும் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். கையைக் கழுவிக்கொள்வது நலம்.

பண்டிகைக்குப் பின் செடியை எறிய வேண்டாம். சிவப்பு மங்கியதும், பிப்ரவரி அல்லது மார்ச்சில் ஒரு சாண் விட்டு வெட்டுக. வெட்டிய துண்டுகளை நட்டாலும் வேர் பிடிக்கும். கோடையில் அரைநிழல் போதும். ஆகஸ்டு இறுதிவரை நுனிகளைக் கிள்ளிக்கொண்டே வந்தால் கிளை பெருகும், அதன்பின் கிள்ளலாகாது. கடைச்செடியை வளர்ச்சி தடுக்கும் மருந்திட்டுக் குட்டையாக்கியிருப்பார்கள். அதன் வேகம் அடங்கியதும், இரண்டாம் ஆண்டில் செடி தன் இயல்பான உயரத்தை நாடும்.

இரவில் விளக்கெரியும் அறையிலோ, தெருவிளக்கு விழும் மதிலருகிலோ இருக்கும் செடி மட்டும் பண்டிகை வந்தும் பச்சையாகவே நிற்கும். அறையிலுள்ள தொட்டியை அக்டோபர் முதல் எட்டு அல்லது பத்து வாரம், மாலை ஐந்து மணி முதல் மறுநாட்காலை ஏழு மணிவரை ஒரு பெட்டியால் மூடிவைக்கலாம். மதிலோரத்துச் செடிக்கு, விளக்குக்கும் அதற்கும் நடுவே மாலைதோறும் கெட்டியான கறுப்புத் துணியைத் தொங்கவிட்டாற் போதும்.