அமெரிக்காவில் ஒயினைப் பரிசாக அனுப்புதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவர் தன் வீட்டிலிருக்கும் ஒயின் பாட்டிலைப் பொட்டலம் கட்டி, வேறு மாநிலத்து நண்பருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்ப முறையான வழி ஏறக்குறைய இல்லை. காசு வாங்காமல் அன்பளிப்பாகக் கொடுப்பதால் விதி தளர்ந்துவிடாது. அனுப்புபவரிடம் உரிமம் இருக்கிறதா, போய்ச் சேரும் மாநிலம் அனுமதிக்கிறதா, பெறுபவருக்கு 21 வயது நிரம்பிவிட்டதா என்றுதான் சட்டம் பார்க்கிறது. பரிசு என்று எழுதி ஒட்டுவதற்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது.

இந்தக் கெடுபிடியின் வேர் மதுவிலக்குக் காலத்தில் இருக்கிறது. 1920 முதல் நாடு முழுவதும் நடப்பிலிருந்த மதுவிலக்கை 1933 டிசம்பர் 5 அன்று நிறைவேறிய 21ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நீக்கியது. அதே திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறி அந்த மாநிலத்துக்குள் மதுவைக் கொண்டுவருவதைத் தடை செய்கிறது. 1913இல் வந்த வெப்-கென்யன் சட்டமும் ஏற்கெனவே இதையே சொல்லியிருந்தது. இதனால் மது விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. பெரும்பாலான மாநிலங்கள் மூன்றடுக்கு முறையைக் கொண்டுவந்தன: உற்பத்தியாளர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும், அவர் கடைக்காரருக்கு, கடைக்காரர் குடிப்பவருக்கு. இந்தச் சங்கிலிக்கு வெளியே பயணப்படும் எந்தப் பாட்டிலையும் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. நடுவில் இருக்கும் மொத்த வியாபாரிகளுக்கு இது நல்ல வசதி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அஞ்சல் துறையின் தடை இன்னும் பழையது. 1909ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் மதுவை அஞ்சலில் அனுப்பக் கூடாத பொருளாக்கியது. மதுவிலக்கு வந்தது, போனது. இந்தத் தடை மட்டும் அசையவில்லை. தளர்த்தக் கோரும் மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்குப் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை. பழைய ஒயின் அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கி அனுப்பினாலும், பெட்டியின் மேலுள்ள மது அடையாளங்களை மறைக்காவிட்டால் அஞ்சலகம் வாங்காது. யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் ஆகிய தனியார் நிறுவனங்கள் மதுவை ஏற்றிச் செல்கின்றன. ஆனால் உரிமம் பெற்று, அவற்றோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்ட வியாபாரிகளிடமிருந்து மட்டுமே பெற்றுக்கொள்கின்றன. பெட்டிமேல் ஆலிவ் எண்ணெய் என்று எழுதி அனுப்புவோர் உண்டு. வழியில் பாட்டில் உடைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், இழப்பீடும் கிடைக்காது.

திருப்பம் 2005இல் வந்தது. மிச்சிகனும் நியூயார்க்கும் தம் எல்லைக்குள் இருக்கும் ஒயின் தயாரிப்பாளர்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கே நேரடியாக அனுப்ப இடம் கொடுத்துவிட்டு, வெளிமாநிலத்தாரைத் தடுத்துவந்தன. வழக்குத் தொடுத்தவர்களில் வர்ஜீனியாவின் சிறு ஒயின் தயாரிப்பாளரான யுவனிட்டா ஸ்வீடன்பர்க்கும் ஒருவர். கிரான்ஹோம் எதிர் ஹீல்டு என்று அறியப்படும் இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 நீதிபதிகள் ஒருபக்கமும் 4 பேர் மறுபக்கமுமாக, இந்தப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆந்தனி கென்னடி. அனைவருக்கும் கதவைத் திற, அல்லது அனைவருக்கும் மூடு என்பதே தீர்ப்பின் சாரம். பெரும்பாலான மாநிலங்கள் திறந்தன. யூட்டா மூடியே வைத்திருக்கிறது.

திறந்த மாநிலங்களிலும் நிபந்தனைகள் உண்டு. தயாரிப்பாளர் பெறுபவரின் மாநிலத்தில் உரிமம் எடுத்து, அங்கே வரி கட்ட வேண்டும். நியூயார்க்கில் ஒரு தயாரிப்பாளர் ஒரு குடியிருப்பாளருக்கு ஆண்டுக்கு 36 பெட்டிகள் வரை அனுப்பலாம். ஒரு பெட்டி 9 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. பரிசுக்கு எவ்வளவு தாராளமானவராக இருந்தாலும் இது போதும். சில்லறைக் கடைகளின் நிலை வேறு. அந்தத் தீர்ப்பு தயாரிப்பாளர்களைப் பற்றியது என்பதால், வெளிமாநிலக் கடைகள் வீட்டுக்கு அனுப்புவதைச் சிறுபான்மை மாநிலங்களே ஏற்கின்றன. மாநிலம் அனுமதித்தாலும் உள்ளூர்த் தடை குறுக்கிடலாம். உலகப் புகழ்பெற்ற ஜாக் டேனியல்ஸ் விஸ்கி தயாராகும் டென்னசியின் மூர் கவுண்டியே மதுவிலக்குப் பகுதிதான்.

பரிசை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதென்றால், உள்நாட்டு விமானத்தில் பயணிகள் சரக்கறைப் பெட்டியில் ஒயின் எடுத்துச் செல்லலாம். 24 விழுக்காட்டுக்கு மேற்படாத ஆல்கஹால் கொண்ட பானங்களுக்கு விமானப் பாதுகாப்பு விதி அளவு வரம்பு வைக்கவில்லை. சாதாரண ஒயின் இதற்குள் அடங்கும். வெளிநாட்டிலிருந்து வரும் 21 வயது நிரம்பியவருக்குப் பொதுவாக 1 லிட்டர் வரை சுங்க வரி விலக்கு உண்டு.

நேரில் போக முடியாதவர், பெறுபவரின் மாநிலத்துக்கு அனுப்ப உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமோ, பெறுபவரின் ஊரிலேயே உள்ள கடையிலோ பணம் கட்டி அனுப்பச் சொல்வதே முறை. பார்சலைக் கதவருகே வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். வயது வந்த ஒருவர் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், பரிசு வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.