பங்கு கேட்ட பாட்டாளிகள்

உழைப்பவனுக்குக் கூலி, உடையவனுக்கு இலாபம்! இஃது இயற்கை வகுத்த நியதியா? மனிதர் எழுதி வைத்த ஏற்பாடா? மனிதர் எழுதியதெனில், மனிதர் திருத்தவும் இயலுமன்றோ! திருத்தத் துணிந்த நாடு சுவீடன். அந்த முயற்சி எழுந்ததையும் வீழ்ந்ததையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1906 ஆம் ஆண்டு அங்கே முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் ஓர் உடன்பாடு கண்டனர். சங்கம் அமைக்கும் உரிமை தொழிலாளருக்கு. வேலையைப் பங்கிடவும் ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரம் முதலாளிக்கு! பின்னர் நாட்டிலே குடியாட்சி மலர்ந்தது. ஆலையின் உள்ளேயோ முடியாட்சியே நீடித்தது.

1974 இல், தக்க காரணமின்றி வேலை நீக்கம் கூடாதென்று சட்டம் வந்தது. 1976 இல் நிறைவேறிய மற்றொரு சட்டம், பெரும் மாற்றம் செய்யுமுன் முதலாளி சங்கத்துடன் பேசியாக வேண்டும் என்று விதித்தது. ஆனால் பேச்சு முடிந்தபின் தீர்ப்புக் கூறுபவர் யார்? முதலாளியே! ஏன்? ஆலை அவர் உடைமை.

அந்த உடைமையைத்தான் தொட்டார் ருடால்ப் மைட்னர். 1933 இல் இட்லரின் ஜெர்மனியை விட்டுச் சுவீடனில் புகலிடம் தேடியவர். தொழிற்சங்கப் பேரவையின் பொருளியல் அறிஞர். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது பேரவையின் கொள்கை. கொழுத்த ஆலைத் தொழிலாளர், நலிந்த ஆலைத் தோழரை எண்ணித் தம் கோரிக்கையை அடக்கிக் கொண்டனர். அவர்கள் கேளாது விட்ட கூலி எங்கே சென்றது? முதலாளியின் இலாபக் குவியலுக்கு! தொழிலாளரின் ஒற்றுமையே முதலாளிக்குப் பரிசாயிற்று.

மைட்னர் வழி கூறினார்: பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் இலாபத்தில் 20 விழுக்காட்டைப் புதிய பங்குகளாக்கித் தொழிலாளர் பொதுநிதிக்குத் தரட்டும். பணம் ஆலையை விட்டு வெளியேறாது. உடைமை மட்டும் மெல்ல மெல்லக் கைமாறும். 1976 இல் பேரவை மாநாடு இதனை ஏற்றது.

முதலாளிகள் சீறினர். அதே ஆண்டு, 44 ஆண்டுகள் அரசின் தலைமையை வகித்த சமூக சனநாயகக் கட்சி தோற்றது. அணுமின் நிலையச் சிக்கலோடு இத்திட்டமும் தேர்தலில் எதிரொலித்தது. 1982 இல் மீண்டும் அரசேறிய கட்சி, திட்டத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சட்டமாக்கியது. 1983 அக்டோபர் 4 அன்று ஸ்டாக்ஹோம் வீதியிலே சுமார் 75,000 பேர் எதிர்ப்பு ஊர்வலம் சென்றனர். முதலாளிகள் ஊர்வலம் போன விந்தை! 1984 முதல் இயங்கிய ஐந்து நிதியங்களும், இலாப வரியையும் சம்பளப் பட்டியின் மீதான கட்டணத்தையும் கொண்டு சந்தையிலே பங்கு வாங்கின. 1990 உடன் அந்த வரவும் நின்றது. 1991 இல் பதவியேற்ற கார்ல் பில்ட் அரசு அவற்றைக் கலைத்தது; சேர்ந்த பணத்தில் ஒரு பெரும் பகுதி ஆராய்ச்சி அறக்கட்டளைகளுக்குப் போயிற்று.

ஏன் வீழ்ந்தது? நிதியங்களை நடத்தியவை அரசு நியமித்த குழுக்கள். பட்டறையிலே நின்றவன் கையில் பங்குமில்லை, பொறுப்புமில்லை. தன்னுடையதென்று அவன் உணராததைக் காக்க அவன் எவ்வாறு எழுவான்? ஆனால் பேசியாக வேண்டும் என்ற 1976 ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நிற்கிறது. சங்கங்கள் அதனை அன்றாடம் கையாளுகின்றன.

தோழர்களே! ஏட்டிலே எழுதப்படும் உரிமை பாதி. உழைப்போன் கையிலே புழங்கும் உரிமையே முழுமை. பங்கு கேட்போம், அப்பங்கைத் தன் கையால் ஆளும் உரிமையையும் சேர்த்தே கேட்போம்!