போகிக்கு முன் தையல் பெட்டியைத் திறந்து பாருங்கள்



மார்கழி பிறந்தால் நம் வளாகத்தில் பழையது கழிக்கும் வேலை ஆரம்பித்துவிடும். அதற்கு முன் பாட்டியின், அத்தையின் தையல் பெட்டியை ஒரு தடவை கிளறிப் பாருங்கள். விரல் நீளத்தில், இரண்டு முனையும் கூராக, குட்டிப் படகு மாதிரி ஏதாவது கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். போன வருஷம் நான் எறிந்துவிட்டேன். அது என்னவென்று தெரிந்ததே பொங்கல் முடிந்த பிறகுதான்.

அது டாட்டிங் நாடா. கர்சீப் ஓரத்திலும் தலையணை உறையிலும் முடிச்சு முடிச்சாக லேஸ் போடும் கருவி. நடுவில் நூலைச் சுற்றி, இடது கை விரல்களில் வளையமாகப் பிடித்த நூலின் மேலும் கீழுமாக அதை விட்டு எடுப்பார்கள். ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'குட்டிப் படகு வேலை'. இத்தாலியப் பெயரில் அரட்டை என்ற பொருள் இருக்கிறது. நம் மாடிப்படிப் பேச்சைப் பார்த்தால் அதுதான் பொருத்தம்!

நாடா என்றதும் பாவாடை நாடா என்று நினைக்க வேண்டாம். தறியில் ஊடுநூலைச் சுமந்து ஓடுவதும் நாடாதான். அது நம் பகுதிக்குப் புதிதல்ல. திருவொற்றியூர் 1708-ல் கம்பெனி கைக்கு வந்தது. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், துணி வியாபாரத்துக்காக அங்கே நெசவாளர்களைக் குடியமர்த்தினார். காலெட் பேட்டைதான் நாம் தினமும் பஸ்ஸில் கடக்கும் காலடிப்பேட்டை. கயிற்றை இழுத்தால் ஓடும் நாடாவுக்கு இங்கிலாந்தில் ஜான் கே காப்புரிமை வாங்கியது 1733-ல்தான். ஆகவே காலெட் காலத்து நெசவாளர்கள் நாடாவைக் கையாலேயே தள்ளி வாங்கியிருப்பார்கள்.

டாட்டிங் நாடா அதற்கு ரொம்பப் பிந்தியது, 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு முன் ஐரோப்பியச் சீமாட்டிகள் வைத்திருந்தது இதைவிடப் பெரிது, முனைகள் திறந்திருக்கும். அவர்கள் அதில் லேஸ் போடவில்லை, வெறும் நூலில் முடிச்சு மட்டும் போட்டார்கள். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த முனைகளைத்தான். அடுத்து, எதில் செய்தது என்று. எலும்பு, மரம், வெள்ளி, தந்தம், ஆமை ஓடு, பிறகு செல்லுலாய்டு, பிளாஸ்டிக். தந்தம் மாதிரி இருப்பதைத் துணியில் வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அது சட்டென்று தீப்பிடிக்கும், போகி நெருப்பில் போடவே கூடாது.

தந்தமாகவோ அழுங்காமை ஓடாகவோ இருந்தால் விலை பேச வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம். வீட்டில் வைத்துக்கொள்வது பற்றியும் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் விலையைவிட முக்கியமானது, கூடவே வரும் விவரம். யார் பின்னினார்கள், எங்கே கற்றார்கள், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு போட்டு வையுங்கள். அவர் பின்னிய லேஸ் துண்டு ஏதாவது இருந்தால் அதையும் சேருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் அத்தையிடம் நான் கேட்கவில்லை.

பொங்கலுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் அறைக்குக் கொண்டு வாருங்கள், போட்டோ எடுத்து அடுத்த இதழில் போடலாம்.